முப்பத்தெட்டாவது தலைக்கட்டு

பெங்களூரு
12.1.2024

அன்புள்ள அக்காவுக்கு,

அனு எழுதுகிறேன். மூக்கடைப்பைத் தவிர எனக்கு ஒரு குறையும் இல்லை. அம்மாவின் முழங்கால் எப்படி இருக்கிறது? முத்துவேல் மாமாவுக்குத் தேயிலை ஃபேக்டரியில் நைட் ஷிஃப்ட் முடிந்ததா? நீ எப்படி இருக்கிறாய்? மூன்று பேரைப் பற்றியும் எழுது. போன தடவை மாதிரி "எல்லாரும் இருக்கோம்" என்று ஒரு வரியில் முடித்துவிடாதே.

போன் இருக்க ஏன் கடிதம் என்று நினைப்பாய். டவர் கிடைக்க நீ ரோட்டு வளைவு வரைக்கும் நடக்க வேண்டும். அங்கே நின்று பேசினால் தோட்டத்து லைன் வீடுகள் முழுக்கக் கேட்கும். அதுவும் போக, நான் சொல்லப்போவதைக் கேட்டால் பாதியிலேயே கட் பண்ணிவிடுவாய்.

எங்கள் குழுவின் முதல் ஆல்பம் ஆகஸ்ட்டில் வருகிறது. கடைசிப் பாட்டு நான் போட்டது, பன்னிரண்டு நிமிஷம். புரோக்ரசிவ் ராக் என்பார்கள். பல்லவி, சரணம் என்று திரும்பித் திரும்பி வராது. போய்க்கொண்டே இருக்கும், வழியில் தாளம் மாறும். அந்தப் பாட்டின் நடுவில் கிதாரும் டிரம்மும் அடங்கிவிடும். உன் குரல் மட்டும் வரும்.

ஆமாம், அந்தப் பேச்சுதான். ஆறு வருஷத்துக்கு முன்னால் மாரியம்மன் கோயில் நோம்பியில், திருவிழா மேடையில் ஏறி நீ மைக்கைப் பிடுங்கிப் பேசினாயே, அதை நான் ஸ்பீக்கர் பக்கத்தில் நின்று போனில் பதிவு பண்ணியிருந்தேன். உன்னைக் கேட்காமல் போட மாட்டேன். சரி என்று சொல் அக்கா. ஆல்பத்தோடு ஒரு சின்னப் புத்தகம் வரும், அதில் ஒவ்வொரு பாட்டுக்கும் பின்கதை இருக்கும். அன்றைக்கு நடந்ததை நீயே எழுதி அனுப்பு. நான் எழுதினால் அலங்காரம் பண்ணிவிடுவேன்.

பதிலுக்குக் காத்திருக்கும்
உன் தங்கை அனு

*

ஓவேலி
2.2.2024

அனுவுக்கு அக்கா எழுதிக்கொள்வது.

அம்மாவுக்கு முழங்கால் அப்படியேதான். எண்ணெய் போட்டு நீவினால் ஒரு நாள் தாங்குகிறது. அவருக்கு இன்னும் நைட் ஷிஃப்ட்தான். எனக்கு ஒன்றும் இல்லை. மூன்று பேரும் ஆச்சா?

கீழ் ரோட்டில் யானை நின்றதால் தபால் நான்கைந்து நாள் வரவில்லை. மிச்சத் தாமதம் என்னுடையது.

பன்னிரண்டு நிமிஷம் ஒரு பாட்டா? அதற்குள் நான் ஒரு பாத்தி இலையைப் பறித்து முடித்துவிடுவேனே! கேட்கிறவன் எழுந்து போய்விட மாட்டானா?

விஷயத்துக்கு வருகிறேன். போடாதே. உலகத்தில் உனக்கு வேறு சத்தமே கிடைக்கவில்லையா? ஆற்றுச் சத்தத்தைப் போடு, மழையைப் போடு. என் பேச்சை விட்டுவிடு. சித்திரையில் நோம்பி வருகிறது. கோயில் கமிட்டித் தலைவர் கீர்த்திவாசன் நம் வீட்டுக்கு இரண்டு தடவை வந்து போனார். திண்பண்டம் எல்லாம் வாங்கி வந்தார். அம்மாவிடம் நன்றாகப் பேசினார். இதற்கு மேல் கேட்காதே.

சளிக்கு மிளகு தட்டிப் போட்டுக் குடி. அங்கே குளிர்ந்த தண்ணீரில் தலைக்கு ஊற்றிக்கொள்ளாதே.

ஜோதிமணி

*

பெங்களூரு
10.2.2024

அன்புள்ள அக்காவுக்கு,

மிளகு குடித்தேன், மூக்கு திறந்துவிட்டது. அம்மாவுக்கு முழங்கால் உறை ஒன்று வாங்கி அனுப்பியிருக்கிறேன், குளிக்கும்போது கழற்றச் சொல்.

கீர்த்திவாசனா? உன் கல்யாணத்துக்கு அப்புறம் நம் வாசலைத் திரும்பிப் பார்க்காத மனுஷன் திண்பண்டம் வாங்கி வந்தாரா? எனக்கு இது சரியாகப் படவில்லை. நீ எதையோ விழுங்குகிறாய்.

பாட்டைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன், அப்புறம் உன் இஷ்டம். உன் பேச்சை நூறு தடவையாவது கேட்டிருப்பேன். கோபத்தில்கூட நீ சீராக மூச்சு விட்டாய். எண்ணிப் பார்த்தால் ஏழு தட்டுக்கு ஒரு மூச்சு. பன்னிரண்டு நிமிஷப் பாட்டும் அந்த ஏழில்தான் நடக்கிறது. டிரம்மில் நான் அடிப்பது உன் மூச்சைத்தான். அதனால்தான் ஆற்றுச் சத்தத்தைப் போட முடியாது.

எங்கள் கிதார்காரர் ஹெர்பர்ட்டுக்குத் தமிழ் அரைகுறை. கேட்டுவிட்டுக் கண் கலங்கினார். "எவ்வளவு துக்கம்!" என்றார். பாட்டுக்கு 'ஒப்பாரி' என்று பேர் வைக்கலாம் என்கிறார். மற்றவர்களுக்கும் பிடித்திருக்கிறது. எனக்கு என்னவோ இடிக்கிறது, வேறு பேரும் தோன்றவில்லை. நீ என்ன சொல்கிறாய்?

அன்புடன்
அனு

*

ஓவேலி
1.3.2024

அடியே அனு,

ஒப்பாரியா? யார் செத்துப்போனார்கள்?

நலம் விசாரிக்கக்கூட எனக்குப் பொறுமை இல்லை. உன் ஹெர்பர்ட்டை இங்கே கூட்டிக்கொண்டு வா, நான் அழுதால் எப்படி இருக்கும், திட்டினால் எப்படி இருக்கும் என்று இரண்டையும் காட்டுகிறேன். நான் அன்றைக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டேனா? நீ பக்கத்தில்தானே நின்றாய்? தோட்டத்தில் வேலை செய்கிற பொம்பளை வாயைத் திறந்தாலே அழுகைதான் என்று நினைப்பா?

அவருக்கு விளங்கும்படி சொல்லு. நோம்பி சாட்டி நாள் குறித்ததும் கமிட்டி வீடு வீடாக வந்து வரி வாங்கும். ஒரு வீடு ஒரு தலைக்கட்டு. அது காசு விஷயம் இல்லை. வரி வாங்கினால் நீ இந்த ஊரில் இருக்கிறாய். வாங்கவில்லை என்றால் நீ இல்லை. சாமி ஊர்வலம் உன் வாசலில் நிற்காது, உன் மாவிளக்கைக் கோயிலில் ஏற்ற மாட்டார்கள், உன் வீட்டில் சாவு விழுந்தால் தூக்க ஆள் வராது. நான் வேற சாதியில் கட்டினேன் என்று நம் வீட்டு வரியை வாங்காமல் தாண்டிப் போனார்கள். அம்மா எங்களோடு இருக்கிறாள் என்பதால் அவளையும் சேர்த்துத் தாண்டினார்கள்.

அந்த நோம்பியில் கீர்த்திவாசன் மைக்கில், "முப்பத்தேழு தலைக்கட்டும் வரி குடுத்தாச்சுங்க, ஒரு ஊடும் பாக்கி இல்லீங்க" என்றார். பக்கத்தில் அம்மா மாவிளக்குத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறாள், வாங்க ஆள் இல்லை. எனக்கு உச்சந்தலை வரைக்கும் எரிந்தது. மேடை ஏறி மைக்கைப் பிடுங்கினேன். "முப்பத்தெட்டுங்க. ஒண்ணை உட்டுப்போட்டீங்க. இந்தக் கோயில் கட்டுறப்ப எங்கம்மா ஆத்துல இருந்து கல்லு செமந்தாங்க. எங்க வரி தீட்டுன்னா அந்தக் கல்லு மட்டும்..." என்கிற வரைக்கும்தான் பேசினேன். யாரோ ஒயரைப் பிடுங்கிவிட்டார்கள். ஸ்பீக்கர் ஊளையிட்டு நின்றது.

இதில் எங்கே இருக்கிறது ஒப்பாரி? அந்தப் பேரை வைத்தாயோ, உன் டிரம்மைக் கிழித்துப்போடுவேன்.

இவ்வளவும் எழுதிவிட்டேன் என்பதற்காகப் பாட்டில் போட்டுவிடாதே. இந்த வருஷம் அம்மா மாவிளக்கு எடுக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறாள். அதற்கு நான் ஒன்று செய்ய வேண்டியிருக்கிறது. செய்துவிட்டுச் சொல்கிறேன்.

முழங்கால் உறை வந்தது. அதைப் போட்டுக்கொண்டு லைன் முழுக்கக் காட்டிவிட்டு வந்தாள்.

அக்கா

*

ஓவேலி
20.3.2024

அன்பான அனு அம்மிணிக்கு மாமா முத்துவேல் எழுதும் கடிதம். இங்கு மூவரும் உடம்புக்குச் சுகம். நீயும் வேளாவேளைக்குச் சாப்பிடவும்.

நான் எழுதுவது உன் அக்காவுக்குத் தெரியாது. தெரிந்தால் எனக்கு இரண்டு நாள் சோறு கிடைக்காது.

கமிட்டியில் ஒரு பேச்சு வந்திருக்கிறது. இந்த வருஷம் நம் வீட்டு வரியை வாங்கிக்கொள்வார்கள், உங்கள் அம்மா மாவிளக்கும் எடுக்கலாம். பதிலுக்கு ஜோதி நோம்பி அன்று அதே மேடையில் ஏறி, "அன்னிக்குத் தெரியாம பேசிப்போட்டேனுங்க, பெரியவங்க பொறுத்துக்கோணும்" என்று மைக்கில் சொல்ல வேண்டும். அவள் சரி என்று தலையாட்டிவிட்டாள். உங்கள் அம்மாவுக்கு இந்த நிபந்தனை தெரியாது. அவர்களாக மனசு மாறினார்கள் என்று நினைத்து அரிசி ஊறவைக்கப் பாத்திரம் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

நான் தூங்குவதாக நினைத்துக்கொண்டு ஜோதி அடுப்படியில் அதைச் சொல்லிப் பார்க்கிறாள். "தெரியாம" என்கிற வரைக்கும் வருகிறது. அதற்கு மேல் வரமாட்டேன் என்கிறது. பாத்திரத்தை ணங்கென்று வைக்கிறாள். மறுபடி முதலில் இருந்து ஆரம்பிக்கிறாள்.

என்னைக் கட்டினதால் வந்தது இது. அதனால் அவளிடம் சொல்லு என்றும் என்னால் சொல்ல முடியவில்லை, சொல்லாதே என்றும் சொல்ல முடியவில்லை. நீ ஏதாவது எழுது அம்மிணி. நான் எழுதினதைக் காட்டிக்கொள்ளாதே.

இப்படிக்கு
மாமா முத்துவேல்

*

பெங்களூரு
27.3.2024

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லாரும் சுகம்தானே. நானும் சுகம்.

நீ எனக்குச் சொல்லாமல் வைத்திருப்பது தெரிந்துவிட்டது. யார் சொன்னார்கள் என்று கேட்காதே. மாமாவைப் பட்டினி போடாதே.

முதலில் கோபத்தில் ஒன்பது பக்கம் எழுதினேன். கிழித்துவிட்டேன். கமிட்டி உன்னை "இதைப் பேசு" என்கிறது. நான் "அதைப் பேசினதாகவே இரு" என்கிறேன். உன் வாயை ஆளாளுக்கு வாடகைக்குக் கேட்கிறோம். அதனால் உன் குரலைப் பாட்டில் இருந்து எடுத்துவிட்டேன். ஹெர்பர்ட் என்னோடு பேசுவதில்லை. பாட்டு நடுவில் ஓட்டையோடு கிடக்கிறது, கிடக்கட்டும்.

அம்மாவுக்காக நீ மேடை ஏறினால் நான் உன்னைக் குறைவாக நினைக்க மாட்டேன், சத்தியமாக. அம்மா அந்தத் தட்டை எடுத்து ஆறு வருஷம் ஆகிறது. ஆனால் ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். நீ தெரியாமல் பேசினாய் என்று நீயே வந்து சொன்னாலும் நான் நம்பப்போவதில்லை. தெரிந்து பேசினாய் அக்கா. அந்த லைனில் தெரிந்து பேசின ஒரே ஆள் நீதான்.

நோம்பிக்கு நான் வரவில்லை. வந்தால் வாயை மூடிக்கொண்டு நிற்க என்னால் முடியாது. அம்மாவுக்கு ஒரு புடவை அனுப்புகிறேன், அரக்குக் கலர்.

உன்
அனு

*

பெங்களூரு
4.5.2024

அன்புள்ள அக்காவுக்கு,

நோம்பி முடிந்திருக்கும். புடவை வந்ததா? அம்மா கட்டினாளா? மாமா போனும் எடுக்கவில்லை. நல்லதோ கெட்டதோ ஒரு வரி எழுது. எனக்கு இங்கே கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

அனு

*

ஓவேலி
14.5.2024

என் தங்கம் அனுவுக்கு அக்கா எழுதுவது.

நல்லா இருக்கிறோம். நிஜமாகவே நல்லா இருக்கிறோம், அம்மாவின் முழங்கால் உள்பட. போன் மழையில் நனைந்து செத்துவிட்டது. உன்னைத் தவிக்க விட்டதற்குத் திட்டிக்கொள்.

நோம்பிக்கு முந்தின நாள் வந்து நம் வரியை வாங்கினார்கள். அம்மா அரக்குப் புடவை கட்டி, மாவிளக்குத் தட்டோடு முன்வரிசையில் நின்றாள். கீர்த்திவாசன், "இப்ப ஜோதிமணி ரெண்டு வார்த்தை பேசும்" என்று மைக்கை என் கையில் கொடுத்தார். ஊரே என் வாயைப் பார்க்கிறது. நான் சொல்லத்தான் போனேன் அனு. உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன், அம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொல்லிவிடலாம் என்றுதான் ஏறினேன்.

"அன்னிக்குத் தெரியாம..." என்றேன். அம்மா நிமிர்ந்து பார்த்தாள். அவளுக்கு அப்போதுதான் புரிந்தது. தட்டைக் கீழே வைத்தாள். விளக்கு எரிந்துகொண்டே இருக்கிறது, இவள் பாட்டுக்கு நொண்டி நொண்டி மேடைக்குப் பின்னால் போகிறாள். வீட்டுக்குப் போகிறாளோ என்று நினைத்தேன். போகவில்லை. ஆம்ப்ளிஃபயர் வைத்திருந்த மேஜைக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, ஒயரை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"பேசு கண்ணு. எவன் இதும்மேல கை வெக்கறான்னு பாக்கறேன்" என்றாள்.

அதற்கப்புறம் எனக்கு என்ன பயம்? "தெரியாம பேசிப்போட்டேன்னு சொல்லச் சொன்னாங்க. தெரிஞ்சுதான் பேசினனுங்க. அன்னிக்குப் பாதியில நின்னதை இன்னிக்கு முடிக்கறேன். எங்க வரி தீட்டுன்னா எங்கம்மா செமந்த கல்லும் தீட்டுதானுங்க. அத்தனையும் உருவிக் கொண்டாந்து எங்க ஊட்டு வாசல்ல போட்டுருங்க. மிச்சக் கோயில் நிக்குதான்னு பாத்துக்கலாம்" என்றேன். கமிட்டிப் பையன் ஒருத்தன் மேஜைப் பக்கம் போனான். அம்மா பார்த்த பார்வையில் திரும்பி வந்துவிட்டான்.

அன்று சாயங்காலமே நம் வரியைத் திருப்பி வாசலில் வைத்துவிட்டுப் போனார்கள். எதிர்பார்த்ததுதான். எதிர்பார்க்காதது மறுநாள் நடந்தது. பக்கத்து வீட்டு வேலாமணி அக்கா, ஆறு வருஷமாக நம் வீட்டில் ஒரு வாய் தண்ணீர் குடிக்காதவள், கமிட்டி முன்னால் போய் நின்று, "எங்கூட்டு வரியையும் திருப்பிக் குடுத்துருங்க. அந்தம்மாகூடக் கல்லு செமந்தவதான் நானும்" என்று கேட்டு வாங்கிவிட்டாள். அவளைப் பார்த்து எதிர் வீட்டு ராக்கம்மா போனாள். அதற்கப்புறம் இன்னும் இரண்டு வீடு. ஊரில் கேட்டுக் கேள்விப்பட்ட கதை இல்லை இது. வரி வாங்கமாட்டேன் என்பார்கள், கொடுத்ததைத் திருப்பிக் கேட்டவர்கள் உண்டா? கீர்த்திவாசனுக்குத் துண்டை எந்தத் தோளில் போடுவது என்றே தெரியவில்லை.

அம்மாவிடம், "மாவிளக்கு போச்சேம்மா" என்றேன். "சாமிக்கு என்ன, அந்த வாசல்ல வெச்சாத்தான் கண்ணு தெரியுமா?" என்கிறாள். ஆனாலும் ராத்திரி கொஞ்சம் அழுதாள். நானும் அழுதேன். அதை எவனும் பதிவு பண்ணவில்லை.

இப்போது போடு என் குரலை. பழசை இல்லை, முழுசை. முத்துவேல் பதிவு பண்ணியிருக்கிறார். போனில் இருந்த அந்தச் சின்ன மெமரி கார்டைப் பேப்பரில் மடித்து இதோடு ஒட்டியிருக்கிறேன், பத்திரம். என் பேரையும் போடு. "ஒரு தோட்டத் தொழிலாளிப் பெண்ணின் குரல்" என்று போட்டாயோ, தொலைத்துவிடுவேன்.

உன் அக்கா
ஜோதிமணி

*

பெங்களூரு
30.8.2024

அன்புள்ள அக்கா, அம்மா, மாமாவுக்கு,

எல்லாரும் நன்றாக இருப்பீர்கள் என்று தெரியும், இருந்தாலும் கேட்டுக்கொள்கிறேன். ஆல்பம் வந்துவிட்டது. இந்தப் பார்சலில் இரண்டு இருக்கிறது. ஒன்று வேலாமணி அக்காவுக்கு.

பாட்டின் பேர் 'முப்பத்தெட்டு'. ஹெர்பர்ட்டுக்கு உன் பேச்சை வார்த்தை வார்த்தையாக விளக்கினேன். அம்மா ஒயரை மடியில் வைத்துக்கொண்ட இடம் வந்ததும் மனுஷன் எழுந்து நின்றுவிட்டார். அவராகவே அந்த ஒப்பாரிக் கிதாரை அழித்துவிட்டு வேறு வாசித்தார். புது மூச்சு ஏழில் வரவில்லை அக்கா, ஐந்தில் வந்தது. பாட்டின் பின்பாதி முழுவதையும் திருப்பி அடித்தேன். விரல் கொப்பளித்துவிட்டது.

புத்தகத்தில் பேச்சு: ஜோதிமணி, ஓவேலி என்று இருக்கிறது. ஒயர்: மல்லிகா என்று அம்மா பேரையும் போட்டிருக்கிறோம். பின்கதையாக உன் மார்ச் மாதக் கடிதத்தை அப்படியே போட்டேன். டிரம்மைக் கிழிப்பேன் என்றதையும் எடுக்கவில்லை.

முத்தங்களுடன்
அனு

*

ஓவேலி
9.3.2025

அன்புத் தங்கைக்கு அக்கா.

உனக்கு இருமல் இருப்பதாக மாமா சொன்னார். ஆடாதோடை இலை அனுப்புகிறேன். இங்கே எல்லாரும் சுகம். அம்மா தன் பேர் இருக்கிற பக்கத்தை ரேஷன் கார்டோடு வைத்திருக்கிறாள். பாட்டைக் கேட்டுவிட்டு, "தட்டுமுட்டுச் சாமான் உருளற மாதிரி இருக்குது, ஆனா நல்லா இருக்குது" என்றாள். வேலாமணி அக்கா வீட்டில் தினம் ஓடுகிறது.

சேதி கேள். முந்தாநாள் கீர்த்திவாசன் கமிட்டியோடு நம் வாசலில் வந்து நின்றார். இந்த வருஷ வரியைப் பதினோரு வீடு கொடுக்கப்போவதில்லை. "ஜோதிமணி குடுத்தா நாங்க குடுக்கறோம்" என்று சொல்லிவிட்டார்களாம். "ஏனுங்க அம்மிணி, பழசை மறந்துரலாம். உங்க வரியக் குடுத்துருங்க, ஊரு ஒண்ணா இருக்கோணும்" என்றார். அம்மா மாவிளக்கு எடுக்கட்டும், ஊர்வலமும் நம் வாசலில் நிற்கும், இந்தத் தடவை ஒரு நிபந்தனையும் இல்லை என்றார்.

ஏழு வருஷம் காத்திருந்த வார்த்தை. அம்மாவைப் பார்த்தேன். அவள் நாற்காலியை விட்டு எழவில்லை. "அவிங்களுக்கு நிபந்தனை இல்லையாமா? நம்மளுக்கு உண்டுன்னு சொல்லு" என்றாள்.

சொல்லிவிட்டேன். "எங்களைத் தாண்டிப் போனதை மைக்குல சொன்னீங்க. முப்பத்தேழுன்னு ஊரு கேக்கச் சொன்னீங்க. வாங்கறதையும் மைக்குல சொல்லுங்க. நோம்பி அன்னிக்கு மேடையேறி, இந்தூட்டு வரிய வாங்காம உட்டது எங்க தப்புன்னு சொல்லிப்போட்டு இறங்கி வாங்க. அங்கயே கையில குடுக்கறேன்" என்றேன். அவர் முகம் கறுத்துவிட்டது. "பெரிய மனுசன் நான் அப்படி எப்படி அம்மிணி பேசறது?" என்றார். "பழகிக்கோங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே வந்துவிட்டேன். காபி போட்டிருந்தேன், அதை மட்டும் வேலாமணி அக்கா கொண்டுபோய்க் கொடுத்தாள். வாங்கிக் குடித்துவிட்டுத்தான் போனார், நம் வீட்டுக் காபியை.

சித்திரை மூன்றாம் வாரம் நோம்பி. இந்தத் தடவை வராமல் இருந்தால் காலை உடைப்பேன். டிரம்மையும் ஹெர்பர்ட்டையும் கூட்டிக்கொண்டு வா, பதினோரு வீட்டிலும் உங்களுக்குச் சாப்பாடு உண்டு. அவர் மேடையில் சொன்னால் அம்மா தட்டைத் தூக்குவாள். சொல்லவில்லை என்றால் நம் வாசலில் நீ அடி, நான் பேசுகிறேன். விடிய விடிய ஆனாலும் சரி.

ஆடாதோடையைத் தேன் விட்டுக் குடி.

ஜோதிமணி
முப்பத்தெட்டாவது தலைக்கட்டு, ஓவேலி